வெயிலில் நின்றுபோன கார்

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் வண்ணார்பேட்டை பைபாஸ் ஓரத்தில் இருந்த அந்தப் பட்டறையில் பதினொரு ஆண்கள் வேலை பார்த்தார்கள். பன்னிரண்டாவது ஆள் நான். எங்கள் வீட்டுப் பெண்கள் டீச்சர் வேலைக்குப் போவார்கள், தாலுகா ஆபீசுக்குப் போவார்கள். கிரீஸ் படியும் இடத்துக்கு யாரும் போனதில்லை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு நான் போனேன். முதலாளி என்னைப் பின்பக்கத்து அறையில் உட்கார வைத்தார். டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் கழற்றி என் மேஜைக்கு வரும். கம்பி சுற்றி, ஈயம் வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். வண்டியில் மட்டும் கை வைக்கக் கூடாது. அப்படி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம் அந்த வெள்ளைக் கார் வந்தது. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் வளைகுடாவில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் கார். கார்புரேட்டர் கிடையாது, எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். எங்கள் பட்டறையில் அதற்கு முன் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

அதன் கோளாறு விசித்திரமானது. காலையில் நன்றாக ஓடும். வெயில் ஏறியபின் எங்கேயாவது நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. சில நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். அரைமணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். ஒருநாள் அவர் தன் மனைவியை நெஞ்சுவலியோடு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரும் வழியில் செய்துங்கநல்லூர் தாண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. அந்த அம்மாவை ஒரு பால் வண்டியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரி சேர்த்திருக்கிறார்கள். மறுவாரம் கார் எங்களிடம் வந்தது.

பட்டறையின் தலைமை மெக்கானிக் கெட்டிக்காரர். லாரி எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடுவார். அவர் மூன்று நாள் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் போய்விட்டது என்றார். பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயையும் பார்த்திருந்தார். ரிலே என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. கம்ப்யூட்டர் சின்னதாக ஒரு உத்தரவு கொடுத்தால், அது உள்ளே இருக்கும் சுவிட்சை மூடி, பம்புக்குப் பெரிய மின்சாரத்தை அனுப்பும். சாவியைத் திருப்பும்போது அது டிக்கென்று சத்தம் போட்டது; அதனால் ரிலே நல்லதுதான் என்று முடிவு கட்டினார். புதுக் கம்ப்யூட்டரை, காயல்பட்டினத்துக்காரரின் துபாயிலிருக்கும் மகன் ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு.

எனக்கு அந்த முடிவு ஒட்டவில்லை. டிக் சத்தம் சுவிட்ச் அசைந்தது என்பதற்குத்தான் சாட்சி. மின்சாரம் வெளியே போனது என்பதற்குச் சாட்சி இல்லை. அதோடு, பட்டறையில் கார் நிழலில் நின்றது. நன்றாக ஓடும்போது பார்த்துவிட்டு எது கெட்டது என்று எப்படிச் சொல்வது? ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் என் மீட்டரை எடுத்துக்கொண்டு போய் ரிலேயில் எந்த ஒயர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். வேறு எதையும் தொடவில்லை. நிமிர்ந்தால் தலைமை மெக்கானிக் நிற்கிறார்.

“ஏளா, உன்னை யாரு இங்கன வரச் சொன்னா?”

அன்றைக்குச் சாயங்காலம், வெயில் தாழுமுன்பே, கம்ப்யூட்டர் வரும்வரை வைத்து ஓட்டுகிறேன் என்று காரை எடுத்துப் போனார் காயல்பட்டினத்துக்காரர். கருங்குளத்தில் நின்றுவிட்டது. இந்தமுறை ஒரு மணி நேரம் ஆகியும் கிளம்பவில்லை; இருட்டிக் குளிர்ந்த பிறகுதான் வீடு போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் பட்டறை முழுக்க ஒரே பேச்சு: அரை உயிராகக் கிடந்த கம்ப்யூட்டரை நான் மீட்டர் குத்திக் கொன்றுவிட்டேன். பதினொரு பேரில் ஒருவர்கூட, நான் தொடுவதற்கு முன்பே அந்தக் கார் வழியில் நின்றுபோய்க்கொண்டுதானே இருந்தது என்று கேட்கவில்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மெக்கானிக்கும் வேண்டும், வாடிக்கையாளரும் வேண்டும்.

“தெரியாமத் தொட்டுட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துரும்மா. வேலையில இரு. யாரு கேக்கப் போறா?”

“தெரிஞ்சுதான் தொட்டேன் அண்ணாச்சி.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் தாளை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: கார் நின்றுபோகும் நேரத்தில் நான் அதற்குள் இருக்க வேண்டும், மீட்டரோடு. அது நடக்காத காரியம் என்றார். பொம்பளைப் பிள்ளையை வாடிக்கையாளர் வண்டியில் ஊர் ஊராக அனுப்ப முடியாது என்றார். திங்கட்கிழமைக்குள் தாளை எழுதிக் கொண்டுவரச் சொன்னார். நான் தாளை அங்கேயே விட்டுவிட்டு என் அறைக்குப் போய்ப் பாதியில் கிடந்த டைனமோவை முடித்தேன். பொய்யை எழுதச் சொல்லிவிட்டு அதை உபகாரம்போல நீட்டியதுதான் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் பஸ் ஏறினேன். மீட்டர், திருப்புளி, என் சொந்த சால்டரிங் அயர்ன் எல்லாம் ஒரு துணிப்பையில். அம்மாவிடம் உண்மையைச் சொல்லித்தான் புறப்பட்டேன். மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் இதெல்லாம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று வாசல்வரை வந்து கேட்டாள். இதைக் கேட்டு வராத மாப்பிள்ளை வராமலே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

காயல்பட்டினத்தில் வீட்டை விசாரித்துப் போய், அந்த ஊர் வழக்கப்படி அவரைக் காக்கா என்று அழைத்து, வந்த விஷயத்தைச் சொன்னேன். பட்டறைக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர் தயங்கினார். புதுக் கம்ப்யூட்டர்தான் இன்னும் எட்டு நாளில் வந்துவிடுமே என்றார். உள்ளே இருந்து அவர் மனைவி வந்து நடைக்கதவின் பக்கத்தில் நின்றார்.

“அன்னைக்கு நடுரோட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தது நாந்தான். மௌத்தாயிருந்தா என்ன செய்வீங்க, கம்ப்யூட்டர் வரட்டும்னு இருப்பீங்களா? இந்தப் புள்ள பாக்கட்டும். நானும் வாறேன்.”

மூன்று பேருமாகக் கிளம்பினோம். அவர் ஓட்ட, அந்த அம்மா முன்னால், நான் பின்னால். பத்து மணி வெயில். திருச்செந்தூர் தாண்டி, குரும்பூர் தாண்டி, தென்திருப்பேரை தாண்டிப் போயாயிற்று. கார் நிற்கவே இல்லை. எப்போது பார்த்தாலும் நிற்கிற கார், நான் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அன்றைக்குப் பட்டுப்போல ஓடியது. ஆழ்வார்திருநகரி வந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. காக்கா கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்தார்.

யோசித்துப் பார்த்தேன். ஓடும்போது ஏசி வேலை செய்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ரிலே குளிர்ந்துபோய் இருக்கிறது. காரை மரத்தடியில் விடாமல் வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னேன். கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டு, ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த அம்மா இலையைவிட என்னைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்து கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்ததுபோல் அனல். காக்கா சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். பிடிக்கவில்லை.

என் வாழ்க்கையில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

கீழே மல்லாந்து படுத்து, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் விட்டேன். கால் இரண்டும் ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. ஆட்கள் கூடினார்கள். பொம்பளை காருக்குள் படுத்துக் கிடக்கிறாள் என்று யாரோ சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும். காக்காவைச் சாவியைப் பைய திருப்பச் சொன்னேன்.

டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்து அணைந்தது. கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. ரிலே டிக்கென்றது. ஆனால் வழக்கமாகப் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி கேட்கும் பம்பின் முனகல் இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒயரில் மீட்டரை வைத்தேன்: சாவி திரும்பியதும் இரண்டு நொடி சைபருக்கு இறங்கி ஏறியது. அந்த ஒயரைச் சைபருக்கு இறக்குவதுதான் கம்ப்யூட்டரின் உத்தரவு; அதாவது உத்தரவு வருகிறது. பேட்டரியிலிருந்து ரிலேக்குள் போகும் ஒயரில் பன்னிரண்டு வோல்ட். ரிலேயிலிருந்து பம்புக்குப் போகும் ஒயரில் ஒன்றுமே இல்லை. மூன்று முறை திருப்பச் சொல்லி மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அதேதான். காக்காவையும் குனிந்து மீட்டரைப் பார்க்கச் சொன்னேன். என் சொல்லை நம்ப வேண்டாம், முள்ளை நம்புங்கள் என்றேன்.

ரிலேயைக் கழற்றி மூடியை நெம்பித் திறந்தேன். பம்புக்கு மின்சாரம் போகும் உலோகக் கால் ஈயத்தில் நிற்கும் இடத்தில், தலைமுடி அளவுக்கு மெல்லிய வட்டமாக ஒரு விரிசல். குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் விட்டுப்போகும். அவ்வளவுதான் சங்கதி. இதற்காகவா என்னைக் கொலைகாரி ஆக்கினார்கள் என்று நினைத்தபோது அங்கேயே அழுகை வந்தது. அழவில்லை. கடைத்தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் கரண்ட் கேட்டேன். கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார். பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புது ஈயம் வைத்தேன். திரும்பி வந்து மாட்டியதும், அந்த அனலிலேயே, முதல் திருப்பில் எஞ்சின் பிடித்தது.

கூடியிருந்தவர்கள் கலைந்து போனார்கள். அந்த அம்மா தன் முந்தானையால் என் நெற்றியில் இருந்த கரியைத் துடைத்தார்.

திங்கட்கிழமை முதலாளி கேட்பதற்கு முன்பே தாளை நீட்டினேன். எழுதித்தான் கொண்டுவந்திருந்தேன். எந்த ஒயரில் எத்தனை வோல்ட், எந்த நேரத்தில், எந்த ஊரில், யார் பார்க்க. ஆறு வரி. மன்னிப்பு என்ற சொல் இல்லை. அவர் இரண்டு தடவை படித்தார். காக்கா ஏற்கெனவே போன் செய்திருக்கிறார் போல.

“நீ சொன்னது சரிதான். ஆனா என்கிட்ட கேக்காம கஸ்டமர் வீட்டுக்குப் போனது தப்பில்லையா? அதுக்காவது ஒரு வரி எழுது.”

“உங்ககிட்ட கேட்டேனே அண்ணாச்சி. நீங்கதானே முடியாதுன்னு சொன்னிய.”

தலைமை மெக்கானிக் வாசலில் நின்றுகொண்டு, ஈயம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். நான் அவர் பக்கம் திரும்பி, தாங்காவிட்டால் மறுபடி வைப்பேன், அன்றைக்கும் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல மாட்டேன் என்றேன். பிறகு என் சால்டரிங் அயர்னையும் மீட்டரையும் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். முதலாளி பின்னால் கூப்பிட்டார். திரும்பவில்லை.

நான்கு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். அதை அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் எல்லாருடைய பார்வையும் என் தட்டில் இருந்தது. பிறகு பாளையங்கோட்டையில் திருச்செந்தூர் ரோட்டில் ஓர் அறை பிடித்து, வண்டிகளின் எலெக்ட்ரிக்கல் வேலை மட்டும் பார்க்கப்படும் என்று எழுதிப் போட்டேன். முதலில் காயல்பட்டினத்துக் கார்கள்தான் வந்தன. ரொம்ப நாளைக்கு அவை மட்டும்தான் வந்தன.

மெக்கானிக் சொன்னது முழுக்கத் தவறில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த வெள்ளைக் கார் மறுபடி நின்றது, இந்தமுறை நாங்குநேரியில். அதே ரிலேதான், வேறொரு கால். காக்கா அதை லாரியில் ஏற்றி என் அறைக்குக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்து விரிசலை அவருக்குக் காட்டினேன். ஈயம் தாங்காது என்று மெக்கானிக் சொன்னது சரிதானோ என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு வெட்கமாக இருந்திருக்காது. ஈயம் வைத்தேன். அன்றைக்கே ஓட்டிப் போனார்.