முருகன் பூட்டிய கடை

எங்கள் கடையைப் பூட்டியது முருகன். ஒஸ்லோவில் எங்கள் சொந்தக்காரர் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு அவர் பயன்படுத்திய கை என்னுடையது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. கடவுளுக்கு வேறு கை கிடைக்கவில்லையா என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை. என்னைவிடப் பொருத்தமான ஆள் யார் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஏனென்றால் கடைக்கே என் பெயர்தான். ஸ்டோவ்னர் ரயில் நிலையத்திலிருந்து அடுக்குமாடிகளுக்கு இறங்கிப் போகும் வழியில், ஒரு சலூனுக்கும் ஒரு பல் வைத்தியருக்கும் இடையில், என் பெயரை நோர்வேஜிய எழுத்தில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் எழுதிப் பின்னால் விளக்கும் போட்டிருந்தார் அப்பா. மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் மாரிகாலத்தில் பலகைக்குக் கீழே கிடக்கும் பனி மஞ்சளாகத் தெரியும். என் வகுப்பில் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், பணக்காரப் பிள்ளைகள் இருந்தார்கள், பனிச்சறுக்கில் கோப்பை வாங்கிய ஒருத்திகூட இருந்தாள். விளக்குப் போட்ட பெயர் எனக்கு மட்டும்தான் இருந்தது.

கடை திறந்த அன்று நான் நான்கு வயதுக் குழந்தையாம். பால் காய்ச்சி, வந்தவர்கள் எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருந்தபோது, பேர்கனிலிருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் தமையன், பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “ரெண்டு வருசம் நிண்டுபிடிச்சாப் பாப்பம்” என்றாராம். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “நான் உயிரோடை இருக்கிறவரைக்கும் இந்தக் கடை பூட்டுப்படாது” என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் சொன்ன சொல்லை விழுங்குகிற பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

ஒரு காலத்தில் வியாழக்கிழமைகளில் எங்கள் கடை கல்யாண வீடு மாதிரி இருக்கும். அன்றைக்குத்தான் விமானத்தில் மரக்கறி வரும். வெள்ளிக்கிழமைச் சமையலுக்கு முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்க நகரத்தின் மறுகோடியிலுள்ள ஹவுகெட்டோவிலிருந்துகூட ஆட்கள் வந்து காத்து நிற்பார்கள். அப்பா விமான நிலையத்திலிருந்து கடை வானை ஓட்டிவந்து, பெட்டிகளைப் பழைய போர்வையால் சுற்றித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார். குளிரில் கொஞ்ச நேரம் நின்றாலே வெற்றிலை கறுத்துவிடும். அப்பா வெற்றிலைக்குப் போர்வை போர்த்துவார், தனக்குத் தொப்பி போட மறந்துவிடுவார்.

பிறகு பக்கத்துப் பகுதியில் ஒரு பெரிய கடை வந்தது. அங்கே கார் நிறுத்த இடம் இருந்தது, தள்ளிக்கொண்டு போக வண்டில் இருந்தது, முருங்கைக்காய் வாரம் முழுக்கக் கிடைத்தது. அதற்காக எங்கள் ஆட்கள் எங்களை மறந்துவிட்டார்கள் என்று சொல்லக்கூடாது. வந்தார்கள், ஊர்ப் புதினம் கதைத்தார்கள், அம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார்கள். பெரிய கடையில் வாங்கிய பைகளைக் கதவுக்கு வெளியே மறைவாக வைத்துவிட்டு உள்ளே வந்து, எங்களிடம் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அம்மாவுக்குக் காலையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அது முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் கடைக்கு வந்து இரவு பூட்டும்வரை நிற்பார். அந்த மாரியில் ஒரு வியாழக்கிழமை, நான் அரிசி மூட்டைகளின் மேல் ஏறியிருந்து பள்ளிக்கூடப் பாடம் செய்துகொண்டிருந்தேன். களைப்பாற வெங்காய மூட்டையில் இருந்த அம்மா, இருந்தபடியே நித்திரையாகிப் போனார். யாரோ ஒருவர் உள்ளே வந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, எழுப்ப மனமில்லாமல் வெளியே போனார். பிறகு அப்பா முருங்கைக்காய்ப் பெட்டியோடு வந்தார். வந்தவர் பெட்டியை இறக்கி வைக்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாரமாக இல்லையா என்று கேட்க நான் வாயெடுத்தேன். பேசாதே என்று தலையை ஆட்டினார். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி உருகி நிலத்தில் தண்ணீராக ஓடும்வரை அப்படியே நின்றார்.

கண் விழித்த அம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைச் சொன்னார்.

“இஞ்சருங்கோ, பட்டது காணும். கடையைப் பூட்டுவம்.”

“விசர்க் கதை கதையாதையும்” என்று அப்பா சீறினார். “உம்மடை அண்ணர் பேர்கனிலை இருந்து சிரிக்கவோ?”

அதன்பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. சோறு போடும்போது கடை, உடுப்புத் தோய்க்கும்போது கடை. சமாதானம் பேச ஹவுகெட்டோவிலிருந்து சித்தப்பா வந்தார். அவர் சாப்பாட்டு மேசையில் அம்மாவின் கட்சி, வெளியே போய் அப்பாவோடு சிகரெட் பற்றவைக்கும்போது அப்பாவின் கட்சி. நான் எப்போதும் அப்பாவின் கட்சிதான். கடை போனால் என் பெயரையும் அல்லவா கழற்றிவிடுவார்கள்?

கடைசியில் அம்மா, “நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்லேல்லை. முருகனிட்டைப் பூ வைச்சுக் கேப்பம்” என்றார்.

எங்கள் ஆட்கள் முடிவெடுக்க முடியாமல் திண்டாடும்போது செய்கிற காரியம் அது. ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொதிந்து சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் கடை நடக்கும், சிவப்பு வந்தால் பூட்டுவது என்று பேசிக்கொண்டார்கள். அப்பா இதற்கும் குதிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் உடனே ஓம் என்று ஒத்துக்கொண்டார். ஒரேயொரு நிபந்தனை மட்டும் போட்டார்.

“பூவும் நான்தான் வாங்குவன். பொட்டலமும் நான்தான் கட்டுவன். ஒருத்தரும் கிட்ட வரப்படாது.”

“அண்ணை ரெண்டிலையும் வெள்ளையை வைச்சாலும் வைப்பார், அண்ணி. கவனம்” என்று சித்தப்பா சிரித்தார்.

“அவர் சாமியோடை விளையாட மாட்டார்” என்றார் அம்மா. சொன்ன குரலில் அவ்வளவு உறுதி இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். வாசலில் சப்பாத்துகளையும் தடித்த ஜாக்கெட்டுகளையும் கழற்றிக் குவித்துவிட்டு எல்லோரும் உள்ளே போக, அப்பா மட்டும் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. அதன் பையிலிருந்துதான் இரண்டு பொட்டலங்களை எடுத்தார். எங்கள் கடை வெற்றிலையில் றோசாப்பூவை வைத்துச் சுற்றி, நூலால் வரிந்து கட்டியிருந்தார். இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தன. ஐயர் அவற்றைத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோய்த் தீபம் காட்டினார். திரும்பி வந்து என்னைப் பார்த்து, “பிள்ளை, முருகனை நல்லா நினைச்சுக்கொண்டு ஒண்டை எடும்” என்றார்.

அந்தக் கணத்தில் எனக்கு இருந்த பெருமையை எப்படிச் சொல்வது! அம்மா, அப்பா, சித்தப்பா, ஐயர், கும்பிட வந்த ஊர்ச்சனம், எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் முருகனிடம் நியாயம் எதுவும் கேட்கவில்லை. வெள்ளையைத் தா என்று மட்டும் கேட்டேன். இடது பக்கம் இருந்ததை எடுத்தேன்.

ஐயர் நூலை அவிழ்த்தார். சிவப்பு.

அம்மா கும்பிட்ட கையை இறக்காமல் அழுதார். தான் கேட்டதே கிடைத்த பிறகு ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பாவின் முகம் சுருங்கிப்போயிருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணை, நான் பகிடிக்குச் சொன்னனான். மனசிலை வைச்சிருக்காதேங்கோ” என்றார். பிறகு, மற்றதை அவிழ்த்து வெள்ளையைச் சாமிக்கே வைத்துவிடுவோம் என்று தட்டுக்குக் கையை நீட்டினார். அதற்குள் அப்பா அந்தப் பொட்டலத்தை எடுத்து ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டார்.

“அவர் சொன்னாப் பிறகு எங்களுக்கென்ன ஆராய்ச்சி?” என்றார்.

அன்றைக்கு அம்மாவுக்குப் பின்னேர வேலை இருந்ததால் சித்தப்பா அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அப்பாவும் நானும் கடை வானில் திரும்பினோம். வெங்காய மணத்துக்கு நடுவில் இருந்து நான் விம்மி விம்மி அழுதுகொண்டு வந்தேன். கடைக்கு முன்னால் வானை நிறுத்திவிட்டு அப்பா என் பக்கம் திரும்பினார்.

“ஏன் குஞ்சு அழுறாய்?”

“நான்தான் பிழையானதை எடுத்தனான். வலது பக்கத்தை எடுத்திருந்தாக் கடை நிண்டிருக்கும். என்ர கையாலைதானே போச்சு.”

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் வைத்தியரிடம் வருபவர்கள் மிதித்துப்போன பனியை யாரோ வழித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பிறகு அவர் பையிலிருந்து மற்றப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

“அவிட்டுப் பார்.”

நூல் இறுக்கமாக இருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். கசங்கிய வெற்றிலைக்குள் இன்னொரு சிவப்பு றோசா இருந்தது.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. பூவைப் பார்த்தேன், அப்பாவைப் பார்த்தேன்.

“கண்டியே?” என்றார் அப்பா. “எதை எடுத்திருந்தாலும் சிவப்புத்தான். உன்ர கையிலை ஒரு பிழையும் இல்லை.” என் கன்னத்தைத் தன் கழுத்துச் சால்வையால் துடைத்துவிட்டார். “இதை ஒருத்தருக்கும் சொல்லப்படாது. அம்மாவுக்கும்தான். சரியோ?”

“ஓம்” என்றேன்.

பங்குனி முடிய முதலே கடையைப் பூட்டினோம். மிஞ்சிய அரிசியும் பருப்பும் கோயில் அன்னதானத்துக்குப் போயின. பெயர்ப் பலகையை அப்பா தன் கையாலேயே கழற்றித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பேர்கன் மாமா தொலைபேசியில் என்னவோ சொல்ல வாயெடுத்தாராம். “முருகன் பூட்டச் சொன்னார், பூட்டினம். வேணுமெண்டா அவரிட்டைக் கேளுங்கோ” என்று அம்மா ஒரே போடாகப் போட்டார். அப்பா படித்துப் பரீட்சை எழுதி பஸ் ஓட்டப் போனார். சீருடையைத் தானே மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணிக்கொள்வார். அம்மா வேலையால் வந்து பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் படுத்து எழும்புவார். வீட்டில் அவர் பாட்டு முணுமுணுப்பதை நான் அப்போதுதான் கேட்டேன். இன்றைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கும்போது, அந்த நீள வாய்க்காரனின் மகள் நான் என்று எனக்கு நெஞ்சு நிமிரும்.

அம்மா அந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு ஒஸ்லோவில் இல்லை. “கடை எண்டால் இவருக்கு உயிர். பொட்டலம் கட்டினதும் இவர்தான். ரெண்டிலையும் வெள்ளையை வைச்சிருந்தா ஆருக்குத் தெரியும்? செய்யேல்லையே! அப்பிடி நேர்மையான மனுசன்” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கும் அப்பாவைப் பார்ப்பார். அப்பா குனிந்த தலை நிமிராமல் வடையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

நானும் பக்கத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்குத் தெரியாத மீதிக் கதை எனக்குத் தெரியும் அல்லவா? மற்றப் பொட்டலத்தில் இருந்த வெள்ளைப் பூவை முருகன் சிவப்பாக மாற்றிவிட்டிருந்தார். ஒரு சின்ன மரக்கறிக் கடைக்காகக் கடவுள் இவ்வளவு மினக்கெட்டிருக்கிறார் என்றால் அது எப்பேர்ப்பட்ட கடையாக இருந்திருக்க வேண்டும்! அந்தப் பெருமையிலேயே நான் பல வருடங்கள் வளர்ந்தேன். அந்தப் பூக்களை வாங்கி வந்தவர் யார், வெற்றிலையில் வைத்துக் கட்டியவர் யார் என்று யோசித்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.