தண்ணி வடியும்வரை

உப்புமாவில் மணல் நறநறத்தது. எவ்வளவு மெதுவாக மென்றாலும் ஒரு பொடி பல்லுக்கடியில் மாட்டிக்கொள்ளும். கடற்கரைக் காற்றில், கீற்றுக் கொட்டகைக்குக் கீழே, திறந்த அண்டாவில் கிண்டிய உப்புமா வேறு எப்படி இருக்கும். முகாமுக்கு வந்திருந்த நாங்கள் ஒருவர்கூட அதைத் துப்பவில்லை. ‘ஸ்பான்சர் பிள்ளைங்க’ சாப்பாட்டைத் துப்பக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்கும் கடல் என்றால் எனக்கு அலைச் சத்தம் நினைவுக்கு வருவதில்லை, அந்த நறநறப்புதான் வருகிறது, அதோடு அலமேலுவும் வருகிறாள்.

ஒடுகத்தூர்ப் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் கன்னியர்கள் நடத்திய பள்ளியின் விடுதியில் நானும் அவளும் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தோம். என் அப்பா கடைத்தெருவில் தையல்காரர். மூச்சிரைப்பு வந்து மிஷின் மிதிக்க முடியாமல் போனபிறகு எனக்கு ஸ்பான்சர் உதவித்தொகை கிடைத்தது. மற்றவர்களில் பாதிப் பேர் மலைமேல் ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள். உதவித்தொகை கொடுத்தவர்கள் ஆண்டுக்கொருமுறை எங்களை எங்கேயாவது அழைத்துப்போவார்கள், அந்த ஆண்டு சென்னைக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தை ஒட்டிக் கடலோரப் பாதுகாப்பு முகாம் என்று ஒன்றை நடத்தி, ஆளுக்கொரு நீலத் தொப்பி கொடுத்து, கரையில் கிடந்த பிளாஸ்டிக்கையும் அறுந்த வலையையும் சாக்கில் பொறுக்கவிட்டு, வேலியடைத்த மணலில் புதைத்துவைத்திருந்த ஆமை முட்டைகளைக் காட்டினார்கள். மலையில் பிறந்ததுகள் கடலைப் பார்க்கட்டும் என்று நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, வினை அங்கேதான் இருந்தது.

அலமேலுவின் அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, சுட்ட பலாக்கொட்டையைத் தேக்கிலையில் மடித்து எடுத்துக்கொண்டு விடுதி கேட்டுக்கு வருவார். உள்ளே வரச் சொன்னாலும் வர மாட்டார், கம்பிக்கு வெளியே நின்றே மகளைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு பிடி கொடுத்துவிட்டுப் போவார். முகாமுக்கு முந்தைய மழைக்காலத்தோடு அவர் வருவது நின்றது. “காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருக்காரு” என்று அலமேலு சொன்னாள். மலைமேல் எந்த வீட்டில் ஆண்பிள்ளை காணாமல் போனாலும் அந்த வாக்கியத்தைத்தான் சொல்வார்கள், கேட்பவர்களும் எந்தத் தோட்டம் என்று கேட்க மாட்டார்கள். மேஸ்திரி ஒருவன் வந்து முன்பணம் கொடுத்து ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்ட ஆள் கூட்டிப்போவது ஊருக்கே தெரியும். தெரிந்ததை வாயால் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். ஒருநாள் கிணற்றடியில் துணி அலசும்போது அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். “எங்கப்பா ஜெயில்ல கீறாருடி. தப்பிச்சி வந்த ஆளு ஒருத்தரு எங்கம்மா கையில சொன்னாரு. நீ யாருகிட்டயும் சொல்லாத.” அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்டுக்குப் போய் நின்றுகொண்டுதான் இருந்தாள், பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வரும்.

முகாமை நடத்திய இளைஞரை ‘கேம்ப் சார்’ என்போம். காற்றோடு போட்டிபோட்டுக் கத்திக் கத்தித் தொண்டை கம்மிப்போன, வெயிலில் கறுத்த, வஞ்சகமில்லாத மனிதர். ஒரு மத்தியானம் கொட்டகையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினார். கடல், ஆமை, பவளப்பாறை எல்லாம் முடிந்து காடு வந்தது. அடுக்கிவைத்த செம்மரக் கட்டைகளுக்கு முன்னால், சட்டையில்லாமல், முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக் குந்தியிருந்த ஆண்களின் படம் ஒன்று. “கடலுக்குக் குப்பை எப்பிடியோ, காட்டுக்கு இவங்க அப்பிடி” என்றார் சார். மலைப் பிள்ளைகள் எல்லோரும் மணலைப் பார்த்தார்கள். முகம் தெரியாத அந்த ஆண்களை அலமேலு மட்டும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

“சார், இது எந்த ஊருங்க?”

“ஆந்திராம்மா.”

“இங்கருந்து எம்மாந்தூரம்ங்க?”

“ரொம்பத் தூரமில்ல. இந்தக் கரையப் புடிச்சி வடக்கால போய்னே இருந்தா ஆந்திராதான்” என்றார் அவர், ஒரு பிள்ளையாவது பூகோளம் கேட்கிறதே என்ற சந்தோஷத்தில்.

அன்று சாயங்காலம் முட்டையிலிருந்து வெளிவந்த ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விட்டோம். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக் குஞ்சுகள், விட்டதும் தண்ணீரைப் பார்த்து நடந்தன. இதுகளைத் தேடித் தாய்தகப்பன் வராது, இதுகளாகவே வழி கண்டுபிடித்துப் போய்விடும் என்று சார் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். அலமேலு தட்டவில்லை, குனிந்து கடைசிக் குஞ்சு அலையில் மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்தபோது அவள் படுத்திருந்த பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கழற்றிப் போட்ட செருப்பு அலையோரத்தில் கிடைத்தது. செருப்பைப் பார்த்ததும் எங்கள் வார்டன் சிஸ்டர் அங்கியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுவிட்டார். குப்பத்து ஆட்கள் கட்டுமரம் தள்ளினார்கள். செத்துப்போய்விட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் முந்தின நாள் மத்தியானப் பேச்சு ஞாபகம் வந்து, “வடக்கால போயிருப்பா சிஸ்டர், அவங்கப்பாவப் பாக்க” என்றேன்.

வெயில் ஏறியபிறகு ஒரு மீன் வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து அவளைக் கொண்டுவந்தார்கள். வண்டிக்காரர் சிஸ்டரிடம் சொன்னார்: “மொகத்துவாரத்தாண்ட குந்திக்கினு கீதும்மா இந்தப் புள்ள. இன்னாத்துக்கு கண்ணு இங்க குந்திக்கினு கீறேன்னு கேட்டா, தண்ணி வடியட்டும்ங்குது.”

குப்பத்து ஆட்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மலையில் வழி தவறினால் ஓடையோரமாகவே நடக்க வேண்டும், எங்கேயாவது ஊர் வந்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். மழையில் காட்டாறு குறுக்கே வந்தால் யாரும் இறங்க மாட்டார்கள், கரையிலேயே மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வேகமாக வந்த தண்ணீர் வேகமாகவே வடிந்துவிடும், எழுந்து கடந்து போவார்கள். அலமேலுவும் அப்படித்தான் தண்ணீர் ஓரமாகவே நடந்து, கடலோடு சேரும் முகத்துவாரம் குறுக்கிட்டதும் காட்டாற்றுக்குக் காத்திருப்பதுபோல அக்கரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கடல் வடியாது என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்.

கேம்ப் சார் எல்லோர் முன்னாலும் கேட்டார், “எங்கம்மா போனே?” அவருக்கும் பதற்றம், குரலில் கோபம் வந்துவிட்டது. அவள் அழவில்லை. “எங்கப்பாவப் பாக்க. ஆந்திரா ஜெயில்ல கீறாரு. மரம் வெட்டப் போனாரு” என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார், மலைப் பிள்ளைகள் எல்லோரும் மறுபடியும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மத்தியானச் சாப்பாட்டை அவரே அவளுக்குப் பரிமாறினார்.

உதவித்தொகையை நிறுத்திவிடுவார்களோ என்று ஊர் திரும்பும்வரை எனக்குப் பயமாக இருந்தது. அவர்கள் நிறுத்தவில்லை. ஆனால் அவள் சொன்னது எங்களுக்கு முன்னாலேயே மலை ஏறிவிட்டது. மறுவாரமே அவள் அம்மா வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

“எங்க ஊரு ஆம்பளைங்க இன்னும் அந்தக் காட்டுல கீறாங்க சிஸ்டர். இவ இப்பிடிப் பேசிட்டா, ஊர்ல எங்க வூட்டு மூஞ்சில யாரும் முழிக்கிறதில்ல. எங்கயாவது போலீசு வந்தா இவளத்தான் சொல்லுவாங்க.”

பீஸ் முழுக்கக் கட்டியிருக்கிறது, படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று சிஸ்டர் கெஞ்சினார். அம்மா மகளைத்தான் பார்த்தார். “வாயத் தொறந்துட்டியேடி” என்றார், திட்டுவது போலக்கூட இல்லை. டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னே நடக்க, அலமேலு பின்னால் போனாள். அவள் நீலத் தொப்பி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வகுப்பிலேயே கணக்கில் அவள்தான் முதல். அவளுக்குப் பிறகு முதல் மதிப்பெண் எனக்கு வந்தது, அந்த மதிப்பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் அப்பா திரும்பி வரவேயில்லை. ஜெயிலிலிருந்து விடுதலையானவர்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள், எந்தக் கூட்டத்திலும் அவர் இல்லை. காட்டிலேயே முடிந்துபோனார் என்றார்கள் சிலர், ஜெயிலில் நோவு என்றார்கள் சிலர். உடம்பும் வரவில்லை, சேதியும் வரவில்லை.

நான் படித்து நர்ஸ் ஆனேன். சென்ற ஆண்டு ஒரு மருத்துவ முகாமுக்காக அதே குப்பத்துக்குப் போகும்படி ஆயிற்று. கொட்டகை இருந்த இடம் கடலுக்குள் போய்விட்டது, கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஆமை முட்டைக்கு வேலி போட்ட மணலும் இல்லை. வேலை முடிந்து வடக்கே முகத்துவாரம்வரை நடந்தேன். அங்கே தண்ணீரே இல்லை. மணல் மூடி, மேடு தட்டி, படகு போக வழியில்லை என்று மீனவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்கள். செருப்பு நனையாமல் அக்கரைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

போன வாரம் ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் அலமேலுவைப் பார்த்தேன். காலடியில் புளி மூட்டை, பக்கத்தில் அவளைப்போலவே முகம் கொண்ட ஒரு மகள். அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டு, “இன்னாடி, எப்பிடி கீறே” என்றாள். என்ன பேசுவதென்று தெரியாமல் நான் கடலுக்குப் போய்வந்ததைச் சொல்லி, அந்த முகத்துவாரம் அடைபட்டுவிட்டது, இப்போது நடந்தே தாண்டலாம் என்றும் சொல்லிவிட்டேன்.

அவள் பஸ் வருகிற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“இப்பத்தான் வடிஞ்சிதா” என்றாள்.

மலைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. மூட்டையை ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன்.