மெட்டில்டா மைனி கொழும்புக்குப் போனது

ஆடி மாத வெயிலில் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற ஒரே ஆள் எங்கள் தெருவில் மெட்டில்டா மைனிதான். என் மளிகைக் கடைக்கு நேர் எதிர் வீடு. கல்லாவில் உட்கார்ந்தால் அவர்கள் வீட்டுத் தெருச்சன்னல் தெரியும். அந்தச் சன்னலுக்குள் மைனி ஸ்வெட்டரோடு அங்கும் இங்கும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

"தம்பி செந்தூர்பாண்டி, கை கொஞ்சம் நீளமா இருக்கோ?"

"கை கெடக்கட்டும் மைனி. மயங்கி விழுந்திராதீங்க."

"நுவரெலியாவுல பல்லு தந்தியடிக்குமாம். இப்பமே பழகிக்கிட வேண்டாமா?"

அந்த ஸ்வெட்டரை அவளே பின்னினாள். தூத்துக்குடிக் கடைகளில் ஸ்வெட்டர் கேட்டால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

மைனியின் புருஷன் ரோச் அண்ணாச்சி தோணியில் தண்டல். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் தோணிக்கு அவர்தான் தலைவர். கொழும்பைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் என் கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்துவிடுவார்கள். எனக்கு வியாபாரம் கெடும். கிண்டிக் கேட்டால், அவர் பார்த்ததெல்லாம் துறைமுகமும் அதை ஒட்டிய நாலு தெருவும்தான். நுவரெலியா இருக்கும் மலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கொழும்புக் கொட்டாஞ்சேனையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவர் தங்கை அமலோற்பவம் வருடா வருடம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எழுபத்தொன்பதில்தான் ஒருவழியாக இரண்டு பேரும் பாஸ்போர்ட் எடுத்தார்கள். படத்தில் அண்ணாச்சி போலீஸ் தேடுகிற ஆள் போல இருந்தார். மைனி அதைத் தெரு முழுக்கக் காட்டிச் சிரித்தாள்.

ஊர் சுற்றுவதில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே ரகம். காற்றுக்காலத்தில் தோணிகளைக் கரையேற்றிப் போட்டுவிடுவார்கள். அந்த இரண்டு மூன்று மாதத்தில் உவரி, மணப்பாடு, வேளாங்கண்ணி என்று கிளம்பிவிடுவார்கள். ஒரு வருடம் எட்டயபுரம் பார்க்கிறோம் என்று போய், பஸ்ஸில் இருவரும் தூங்கி, கோவில்பட்டியில் இறங்கி, கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அதையும் பெரிய பயணமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பிள்ளை இல்லை. அந்தக் குறையை எங்களிடம் சொன்னதுமில்லை.

ஆனால் தோணி ஓடும் காலத்தில் மைனி வீட்டை விட்டு நகரமாட்டாள். சன்னலை ஒட்டிய மேசையில் மாதா படம் இருக்கும். அண்ணாச்சி கடலில் இருக்கும் நாளெல்லாம் அதன் முன்னால் ஒரு கண்ணாடி விளக்கு இரவும் பகலும் எரியும். ஆள் வந்து வாசலில் கால் வைத்த பிறகுதான் அதை அணைப்பாள். கடலுக்குப் போனவன் வீட்டில் விளக்கு அணையக்கூடாது, அவ்வளவுதான். சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு வேம்பாருக்குப் போனவள், தாலி கட்டியதும் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

ஊர்ப் பெரிய மாதா கோயில் திருவிழா முடிந்தது. மறுநாள் காலையில் ராமேஸ்வரம் போய்க் கப்பலேற வேண்டும். டிரங்குப் பெட்டி கட்டியாயிற்று. சாயந்தரம் அண்ணாச்சி என் கடையில் நின்று, தலைமன்னாரில் ரயிலேறி மடுவில் இறங்கி மாதாவைக் கும்பிட்டு மேலே போவது வரைக்கும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மைனி தெருவைத் தாண்டி வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் வரல."

"என்னளா, பல்லுவலியா?"

"நீங்க போயிட்டு வாங்க. நான் இருந்து விளக்கப் பாத்துக்கிடுதேன்."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "ஏளா, அந்த விளக்கு நான் உங்கிட்டத் திரும்பி வரணும்னுதான? நீ பக்கத்துலயே உக்காந்திருந்தா நான் யாருகிட்டத் திரும்பி வரணும்?"

நல்ல பதில் என்றுதான் நானும் நினைத்தேன். மைனி தலையாட்டவில்லை.

"அது உங்களுக்கு. நீங்க போனப்பல்லாம் வீட்டுல நான் இருந்தேன். நான் கடல்ல போனா வீட்டுல யாரு இருக்கா?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட காற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர் மெதுவாகச் சொன்னார்.

"அப்பம் நீ போயிட்டு வா. நான் இருந்து ஏத்துதேன்."

"கிறுக்கு புடிச்சிருக்கா? உங்கள விட்டுட்டு நான் யாரு கூட நுவரெலியா பாக்க?"

கடைக்குள் மிளகாய் வற்றல் ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி செண்பகம் கையைத் தட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

"சாவியக் கொடுங்கக்கா. ஒரு நாளைக்கு எத்தன தடவ எண்ணெ விடணும்? அத மட்டும் சொல்லுங்க."

"உனக்கு எங்க செபமெல்லாம்..."

"தெரியாதுதான். எங்க முருகங்கிட்டச் சொல்லுதேன். அவனும் கடற்கரையிலதான இருக்கான்? எங்கக்கா கடல்ல போயிருக்கா, பத்திரமா வந்து சேரணும்னு சொல்லுதேன். போதாதா?"

மைனி அழுதுகொண்டே அவளைக் கட்டிப்பிடித்தாள். செண்பகத்தின் கையில் இருந்த மிளகாய்க் காரம் பட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள். பிறகு நாலு பேரும் சிரித்தோம்.

காலையில் புறப்பட்டார்கள். ஸ்வெட்டர் பெட்டிக்குள் அடங்கவில்லை. மைனி அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு என் பாடுதான் திண்டாட்டம். செண்பகம் முக்கால்வாசி நேரம் எதிர்வீட்டில் இருந்தாள். சோறு ஆறிப் போயிருக்கும். கேட்டால், "காத்தடிக்கி, திரியப் பாக்க வேண்டாமா?" என்பாள். நானே இரண்டு தடவை எண்ணெய் ஊற்றினேன், செண்பகத்துக்குத் தெரியாமல் சாமியும் கும்பிட்டேன்.

அவர்கள் திரும்பி வந்தது பொழுது மயங்கும் நேரம். ரிக்‌ஷாவிலிருந்து மைனி முதலில் இறங்கினாள். இறங்கியவள் வீட்டுக்குள் போகவில்லை. தெருவிலேயே நின்று சன்னலைப் பார்த்தாள். சன்னலுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் செண்பகத்தின் முகம் தெரிந்தது.

"என்னளா நிக்க?" என்றார் அண்ணாச்சி, பெட்டியை இறக்கி வைத்தபடி.

"நான் இத வெளிய நின்னு பாத்ததே இல்லீங்க."

"ஒவ்வொரு தடவயும் நான் இங்கன கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுதான் உள்ள வருவேன்."

"எங்கிட்டச் சொன்னதே இல்லியே!"

நான் கடையை விட்டு இறங்கிப் போனேன். "நுவரெலியா எப்படி மைனி? பல்லு தந்தியடிச்சுதா?"

"நாளைக்குச் சொல்லுதேன் தம்பி," என்றாள் மைனி, சன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிடுதேன்."