தயாபரன் எனக்குத் தெரிவு செய்த டேர்ன்டேபிள்

தயாபரன் காலமான செய்தியைக் எங்களோடு முன்பு வேலை செய்த நசீர் கிண்ணியாவிலிருந்து தொலைபேசியில் சொன்னார். "உங்கட கூட்டாளி போயிட்டார்" என்றார். அவர் என் நண்பரில்லை என்று திருத்த வாயெடுத்தேன். மரணச் செய்தியில் திருத்தம் சொல்வது முறையல்ல என்று விட்டுவிட்டேன். அவரை அறிந்த நீங்கள் பலரும் இந்த நினைவுக் கூட்டத்தில் புகழ்ந்து பேசிவிட்டீர்கள். நான் நடந்ததைச் சொல்கிறேன்.

துறைமுகப் பண்டசாலையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. இருவருக்கும் இசைத்தட்டுப் பைத்தியம். அவருக்குக் காது கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. நான் ஆசையாக வாங்கிய தட்டைக் கேட்டுவிட்டு, "இதைச் சுவரில மாட்டும், பார்க்க வடிவாயிருக்கும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றபோது, இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் டேர்ன்டேபிள் ஒன்றை, இனி ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லாததாக வாங்க நினைத்தேன். எது கனகாலம் இருக்கும் என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டு, கொழும்புக்கு அவரையும் கூட்டிப்போனேன். கடையில் இரண்டு பிடித்திருந்தன. ஒன்றில் மெல்லிய ரப்பர் பெல்ட் தட்டைச் சுழற்றியது. அதில் ஒரு நாதஸ்வரத் தட்டைப் போட்டார்கள். வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எனக்குக் கண் கலங்கியது. மற்றது பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுழற்றும் கனத்த இயந்திரம். பிழையில்லாமல் பாடியது, அவ்வளவுதான்.

நான் கண்ணைத் துடைத்ததைத் தயாபரன் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என்னைத் தனியே அழைத்தார். எங்கள் ஊர் உப்புக்காற்றில் பெல்ட் தாக்குப்பிடிக்காது, திருத்தவும் ஆளில்லை என்றார். நான் கனத்ததை வாங்கி வந்தேன்.

ஏழு மாதம் கழித்து, இரவல் வாங்கிய தட்டுகளைக் கொடுக்க அன்புவழிபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறை மேசையில் அந்தப் பெல்ட் டேர்ன்டேபிள் இருந்தது.

"உப்புக்காத்து உங்கட வீட்டுக்கு வாறேல்லையோ?" என்று கேட்டேன்.

அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "நீர் கேட்டது, எது கனகாலம் இருக்கும் எண்டு. எது நல்லாப் பாடும் எண்டு கேட்கேல்லையே."

தட்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். நான்கு வருடம் அவரோடு கதைக்கவில்லை. எதிரே வந்தால் வீதியின் மறுபக்கம் போனேன்.

செத்த வீட்டில் அவருடைய மனைவி என்னிடம் வந்தார். இரண்டாம் வருடமே பெல்ட் இளகிப்போனதாம். புதிது வரவழைத்துப் போட்டும் நிற்கவில்லையாம். கடைசி ஒரு வருடம் அவர் அதை மூடியே வைத்திருந்தாராம். அதைக் கொண்டுபோக எனக்கு விருப்பமா என்று கேட்டார். ஏலாது என்றேன்.

பெல்ட் பழுதான கதையைக் கேட்டபோது ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது, அவர் எனக்குச் சொன்னது உண்மை. பொய் சொல்லியிருந்தால் செத்த வீட்டோடு மன்னித்திருப்பேன். உண்மையைச் சொல்லியே என்னை விலக்கிவிட்டு, கொஞ்சக் காலமென்றாலும் அந்த நாதஸ்வர மூச்சைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம்தான். அதை அவரோடு சேர்த்து எரிக்க மனம் வரவில்லை.