விமானம் ஏறுவதற்கு முன் பதினைந்து நாள்

நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவில் பஸ் ஏறுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு. பரமத்தி ரோட்டில் டயர் கடைக்கு மேலே முதல் மாடி. கீழே சக்கரம் கழற்றுகிற சத்தம். மேலே இருபது பிள்ளைகள் ஒரே குரலில் "எக்ஸ்க்யூஸ் மீ" சொல்லிப் பழகுகிற சத்தம். அமெரிக்கக் கல்லூரிகளில் அட்மிஷன் கிடைத்த பிள்ளைகளுக்குப் புறப்படுவதற்கு முன் பதினைந்து நாள் வகுப்பு. வங்கிக் கணக்கு, பஸ், குளிர், சமையல், ஆசிரியரிடம் பேசுவது எல்லாம் அதில் அடக்கம்.

இதற்கு முன் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பதினோரு வருஷம் ஆங்கிலம் எடுத்தேன். அமெரிக்காவுக்கு நான் போனது ஒரே தடவை, தங்கையின் பிரசவத்துக்கு. அதிலும் பாதி நாள் பனிக்குப் பயந்து வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மீதியெல்லாம் போன பிள்ளைகள் போனில் சொல்லி நான் கற்றுக்கொண்டது. நீங்களும் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்றால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

எந்தக் கம்யூனிட்டி?

எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் போவது கம்யூனிட்டி காலேஜுக்கு. அந்தந்த ஊர்க்காரர்கள் படிப்பதற்காக நடத்துகிற கல்லூரி அது. இரண்டு வருஷம் அங்கே படித்துவிட்டு, மீதி இரண்டு வருஷத்துக்குப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். இதை நான் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறேன். இருந்தாலும் பெயரில்தான் சிக்கல். நம் ஊரில் கம்யூனிட்டி என்றால் ஒன்றே ஒன்றுதான்.

மகளின் அட்மிஷன் கடிதத்தோடு சேந்தமங்கலத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கேட்காமலே பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பார்த்தால், தாலுகா ஆபீஸில் வாங்கிய சாதிச் சான்றிதழ். கண்ணாடித்தாள் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். "இது வேண்டாமுங்க" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்பறம் கம்யூனிட்டி காலேஜுன்னு போட்டிருக்குதுங்களே, எந்தக் கம்யூனிட்டிக்காரங்க நடத்தறாங்க? நம்ம புள்ளைய சேத்துக்குவாங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார். பக்கத்தில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த ஊரில் இருக்கிற எல்லோருக்குமான கல்லூரி, கடையில் வேலை செய்கிறவர், லாரி ஓட்டுகிறவர், ஐம்பது வயசுக்காரர்கூட வந்து படிப்பார் என்று விளக்கினேன். அவர் சான்றிதழைத் திரும்ப எடுத்து பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்: "எல்லாருக்குமுன்னா, அதை எதுக்குங்க அம்மணி கம்யூனிட்டின்னு சொல்றாங்க?"

பெயரில்லாத கோகுல்

மல்லசமுத்திரத்துக் கோகுலுக்குப் பாஸ்போர்ட்டில் வெறும் 'கோகுல்' என்று மட்டும்தான் இருந்தது. நமக்கு அது போதும். அங்கே முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதைக் கடைசிப் பெயராக வைத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியாது' என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்தைப் போட்டுவிடுவார்கள். கல்லூரியிலிருந்து கோகுலுக்கு வந்த வரவேற்புக் கடிதம், 'அன்புள்ள எஃப்என்யூ' என்று ஆரம்பித்தது. அவன் அதை வகுப்பில் படித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மறுநாள் அவன் அப்பா பொன்னுசாமி வந்தார். அவர் சிரிக்கவில்லை.

போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று இருபது வருஷம் சுற்றியவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். "நாங்க பேர் வச்சுத்தானுங்க வளத்தோம். பேர் தெரியாதவன்னு எப்படீங்க எழுதுவாங்க?" என்றார். கோபத்தைவிட அவமானம்தான் அவர் குரலில் அதிகம் இருந்தது. விசாவுக்கு இன்னும் நாள் இருந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகச் சேர்த்துப் புதிதாக வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னேன். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் உங்கள் மகனை 'மிஸ்டர் பொன்னுசாமி' என்றுதான் கூப்பிடுவார்கள், பரவாயில்லையா என்றும் கேட்டேன்.

அவர் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப காலேஜுக்கு நானும் போறனுங்களா?"

பெயர் சொல்லிக் கூப்பிடு

அந்தக் கல்லூரிகளில் பல ஆசிரியர்கள் தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். அதனால் என் வகுப்பில் ஒரு மணி நேரம் யாரும் என்னை மேடம் என்று சொல்லக் கூடாது. செல்வி என்றுதான் கூப்பிட வேண்டும். பையன்கள் முதல் நாள் கூச்சப்பட்டு, இரண்டாம் நாள் கொஞ்சம் அதிகமாகவே கூப்பிட்டார்கள். அம்மாபேட்டை சௌமியாவுக்கு மட்டும் வாய் வரவில்லை. அவள் வீட்டில் முன்பு தறி, இப்போது அப்பா சேலை வியாபாரம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள்.

கையைத் தூக்குவாள். "செல்..." என்பாள். கை இறங்கிவிடும். ஒருநாள் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் உசுப்பிவிட்டதில் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "செல்விங்க மேடம்" என்றாள். வகுப்பே கைதட்டியது. அது கணக்கில் சேராது, இன்னொரு தடவை சொல் என்று நான் விடாப்பிடியாக நின்றேன். அவள் கண்ணைத் திறந்து, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்: "உங்களைப் பேர் சொல்றதுக்குப் பதிலா, நான் சந்தேகமே கேக்காம இருந்துக்கிறேன் மேடம்."

முட்டை மார்க்

சௌமியா அப்படிச் சொன்ன அன்று நானும் சிரித்தேன். அவள் அமெரிக்கா போய் ஆறு வாரத்தில் அந்தச் சிரிப்பு எனக்கு மறந்துபோனது. ஒருநாள் காலை, நான் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிற நேரம், சௌமியா அழைத்தாள். முதல் கட்டுரைக்குப் பூஜ்யம். ஆசிரியை என்ன எழுதச் சொன்னார் என்றே அவளுக்குப் புரியவில்லை. எழுந்து கேட்கவும் தைரியமில்லை. இணையத்திலிருந்து மூன்று பத்தி அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாள். 'இது உங்கள் எழுத்து அல்ல, என்னை வந்து பாருங்கள்' என்று ஆசிரியை எழுதியிருந்தார். "என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களா மேடம்? அப்பா கடைத்தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்காரு" என்று அழுதாள்.

அடுப்பை அணைத்துவிட்டேன். பார்த்து எழுதுவது அங்கே எவ்வளவு பெரிய குற்றம் என்பதை வகுப்பில் நான் அரை மணி நேரத்தில் சொல்லி முடித்திருந்தேன். அதுமட்டுமில்லை. பதினோரு வருஷம் பிள்ளைகள் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிய ரெக்கார்டு நோட்டில் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டவள் நான். இந்தப் பெண்ணை எந்த வாயால் திட்டுவது? "காரணம் எதுவும் கண்டுபிடிக்காதே. நடந்ததை அப்படியே சொல்லு. புரியலைன்னும் சொல்லு" என்றேன். இரண்டு நாள் அவளிடமிருந்து பேச்சே இல்லை. நான் யாருக்கும் ஒழுங்காகப் பாடம் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அழைத்தாள். ஆசிரியை முழுதும் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். மார்க் குறையும், ஆனால் பாடம் போகாது. வாரம் ஒருநாள் எழுதக் கற்றுத்தருகிற பிரிவுக்குப் போகச் சொல்லி இடத்தையும் காட்டியிருக்கிறார். "நம்ம ஊர்ல தப்பு செஞ்சா எந்திரிச்சு நிக்கச் சொல்லுவாங்க. இவங்க முதல்ல உக்காரச் சொன்னாங்க மேடம், அப்பத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு."

மூன்று நாள் பாக்கி

மாதேஷுக்கு விசா இரண்டாவது தடவையும் மறுக்கப்பட்டது. சென்னையில் அதிகாரி மூன்றே கேள்வி கேட்டு, ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். வகுப்பிலேயே நல்ல பையன் அவன். பஸ் வழித்தடப் படத்தைப் பார்த்து, எந்த இடத்தில் இறங்கி எந்த வண்டிக்கு மாற வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவன். இனி வரமாட்டான் என்று வருகைப் பதிவில் அவன் பெயருக்கு நேரே கோடு போடப் போனேன். அப்போது வாசலில் வந்து நின்றான். "விசா கிடைக்கலீங்க மேடம். வகுப்பு இன்னும் மூணு நாள் பாக்கி இருக்குதுங்களே, வந்து உக்காந்துக்கட்டுங்களா?"

அன்று சமையல் வகுப்பு. விசா கிடைத்தவர்களுக்கு அவனை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. அவனோ நேராகப் போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தான். குக்கரில் எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று தடுமாறியவர்களுக்கு விரல் வைத்து அளந்து காட்டினான். மூன்று நாளும் முதல் ஆளாக வந்தான். வங்கிப் படிவம் நிரப்புவது வரைக்கும் எல்லாம் எழுதிக்கொண்டான். இப்போது ராசிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி படிக்கிறான், நன்றாகவே படிக்கிறான்.

கடைசி நாள் எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவனிடம், உனக்கு இது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும், எதற்கப்பா வந்தாய் என்று கேட்டேன். கையிலிருந்த நாற்காலியை வைத்துவிட்டுச் சொன்னான்: "ஊட்டுல இருந்தா வாரவங்க போறவங்கெல்லாம் என்னாச்சுன்னு கேக்கறாங்க மேடம், இங்க ஒருத்தரும் கேக்கலீங்க."

பரிமளாவின் கேள்வி

வகுப்பு முடிவதற்கு முன் பெற்றோருக்கு அரை நாள் கூட்டம் வைப்போம். கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஊறுகாய் கொண்டுபோகலாமா? குளிருக்கு என்ன போடுவது? குமாரபாளையத்திலிருந்து வந்திருந்த பரிமளா கடைசி வரிசையில் இருந்தார். அவர் வீட்டில் பன்னிரண்டு விசைத்தறி. மகன் நவீன் பக்கத்தில் இருந்தான். எல்லோரும் கேட்டு முடித்த பிறகு எழுந்தார். "இவன் மனசு சரியில்லீன்னா யாருகிட்டயும் சொல்லமாட்டானுங்க. தறி ஓடற எடத்துல போய் உக்காந்துக்குவான். அந்தச் சத்தத்துல அழுதாலும் யாருக்கும் கேக்காது. சோறு உண்ணாததப் பாத்துத்தான் நான் கண்டுபுடிப்பேன். அங்க இவன் அழுதா யாருங்க கேப்பாங்க?" நவீன், "அம்மா, உக்காரும்மா" என்று அவர் சேலையை இழுத்தான். கல்லூரியிலேயே மன ஆலோசகர் இருப்பார், அவரிடம் எதையும் பேசலாம் என்றேன். "அவருகிட்ட இங்கிலீசுல அழோணுமுங்களா?" என்றார். கூட்டம் சிரித்துவிட்டு, உடனே அடங்கியது. 

அன்று சாயங்காலமே பழைய பிள்ளைகளுக்கெல்லாம் போன் போட்டேன். புதிதாகப் போகிற ஒவ்வொருவருக்கும், அங்கே பக்கத்தில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தர் பொறுப்பு என்று ஏற்பாடு செய்தேன். நவீனுக்குத் திருச்செங்கோட்டுப் பெண் ஒருத்தி, ஒரு வருஷம் மூத்தவள். பனிக்காலத்தில் நான்கு நாள் நவீன் வீட்டுக்குப் பேசவில்லை என்று பரிமளா என்னிடம் பதறினார். நான் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் இரண்டு பஸ் மாறிப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். மூன்று நாளாக அறையைவிட்டு அவன் வெளியே வரவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. அவள் ரசம் வைத்துக் கொடுத்து, அவன் சாப்பிடுகிற வரைக்கும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். மறுநாள் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனவளும் அவள்தான். அங்கே அவன் இங்கிலீஷில்தான் பேசினான், பேச முடிந்தது. இப்போது வாராவாரம் தானாகவே போகிறான்.

அவன் முதல் தடவை ஆலோசகரிடம் போன அடுத்த வாரம் பரிமளா மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பையன் வீடியோவுல வந்தானுங்க மேடம். நானும் அவனும் ஒரு மணி நேரம் நல்லா அழுதோமுங்க, தறியெல்லாம் நிறுத்திட்டு."

பிள்ளைகளைப் பதினைந்து நாளில் தேற்றி அனுப்பிவிடுகிறேன். பெற்றவர்கள் தேறுவதற்கு எத்தனை நாள் வகுப்பு எடுக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.