ஆடி அமாவாசைக்குக் கரான்தெக் கடற்கரை

1987 ஆடியில் பிரான்சின் மேற்குக் கரைக்குப் போய்வந்த பயணம் இது. அப்போது எனக்கு எழுத்து தெரியாது. சென்ற வருடம், எழுபத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவதில் இருக்கும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அந்த வருடம் ஊரில் அப்பா இறந்துவிட்டார். போக வழியில்லை. முதல் ஆடி அமாவாசைக்காவது கடலில் முழுகி, நண்பகலுக்குள் எள்ளும் தண்ணீரும் இறைக்க நினைத்தேன். தலைநகரில், லாச் சப்பல் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த துரை, "சேன் ஆத்திலை இறங்கினா பொலிஸ்தான் கரையேத்தும், அண்ணை" என்று சொல்லித் தானும் கூட வந்தான்.

வெள்ளி காலை மொன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினோம். ஐந்தரை மணி நேரத்தில் மொர்லே. ஒருவழிக்கு 240 பிராங். தர்ப்பையை அறையிலேயே மறந்துவிட்டோம். புல் ஏதும் கிடைக்குமென்று முப்பது கிலோமீற்றர் பஸ்ஸில் உயெல்குவாத் காட்டுக்குப் போனோம். பாறை, வேர், கிளை எல்லாவற்றிலும் பாசி. மழை விட்டும் மரங்கள் விடவில்லை.

"எல்லாம் பச்சை. எங்களுக்கு வேண்டிய பச்சை மட்டும் இல்லை" என்றான் துரை.

மறுநாள் அமாவாசை. மொர்லேயிலிருந்து பஸ்ஸில் பதினைந்து கிலோமீற்றர் போய், காலை ஒன்பது மணிக்குக் கரான்தெக்கில் இறங்கினோம். கடல் ஐம்பது அடியில் நின்றது. ஆனால் மழை. கற்பூரம் கொளுத்தாமல் தொடங்க மனம் வரவில்லை. ஓர் அறிவித்தல் பலகையின் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். பலகை நிறைய இலக்கங்கள்.

"பஸ் நேரமாக்கும். 12.40க்கு ஒண்டு இருக்கு. ஆறுதலாச் செய்யலாம்" என்றான் துரை.

பதினொன்றரைக்கு மழைத்திரை விலகியது. கடலைக் காணவில்லை! சேறும் பாசியும், தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடும். எங்கள் ஊர்க் கடல் இப்படி விட்டுப் போனதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அண்ணை, நில்லுங்கோ! புதையப் போறியள்!"

முழங்கால்வரை சேறு. மட்டி பொறுக்கிய பிரெஞ்சுக்காரி ஒருத்தி கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, கரைக்குத் திரும்பச் சொல்லிக் கைகாட்டினாள். தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. கோடு கோடாகவே இருந்தது. பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரில் எள்ளை இறைத்தேன். அது அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததென்று இன்றுவரை எனக்கு நம்பிக்கையில்லை.

12.40க்கு பஸ் வரவில்லை. அது கடல் முழுதாக வற்றும் நேரமென்று மாலை பஸ் சாரதி சொன்னார்.

போகிறவர்கள் மழைச்சட்டையும் ரப்பர் சப்பாத்தும் கொண்டுபோங்கள். கரையில் ஒட்டியிருக்கும் கடல் அட்டவணையை முதலில் பாருங்கள். வாசிக்கப் பழகியதும் நான் அந்தக் கரையின் அட்டவணைப் புத்தகத்தைத்தான் வாங்கினேன். விரல் வைத்து, ஒரு வரி விடாமல் வாசித்தேன். என்ன ஆனந்தம்! அமாவாசைகளில் காலையில் கடல் கிட்ட நிற்கிறது. நண்பகலை ஒட்டி வற்றிவிடுகிறது. எந்த மாதமும் அப்படித்தான். அன்று எனக்காக வந்து நின்ற கடலை, ஒரு துண்டுக் கற்பூரத்துக்காகப் போக விட்டேன்.