இரண்டு கைப்பிடிகள்

இந்த விமான விபத்தைப் பற்றி எங்கள் லிங்கராஜபுரத்தில் பலரும் பலவாறு பேசிவிட்டார்கள். எரிபொருள் தீர்ந்துவிட்டது என்றார்கள். காற்று புரட்டிவிட்டது என்றார்கள். பேசியவர்களில் எவரும் அங்கே இருந்தவரல்லர். ஒருவருடைய சாவில் ஊகம் கலந்தால் பழி யார்மீதாவது போய் விழுகிறது. ஆகவே, நான் கண்டதையும், என் காதால் கேட்டதையும், விமானப் பழுதுபார்ப்பவரிடம் கேட்டு உறுதிசெய்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

என் கணவரும் அவருடைய பள்ளித் தோழரும் சேர்ந்து வாங்கிய இரண்டு இருக்கை விமானம் அது. நகரின் வடக்கே ஒரு சிறு திடலில் நிறுத்தியிருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பறப்பது வழக்கம். ஒவ்வோர் இருக்கைக்கு முன்னும் ஒரு கைப்பிடி உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். எனவே, பிடியை ஒப்படைப்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏற்பவர் மறுமொழி கூற வேண்டும். பயிற்சியின் முதற்பாடமே இதுதான். இவர்களுக்கிடையே அந்த மறுமொழி நாளடைவில் ஒரு தலையசைப்பாகத் தேய்ந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அன்று புறப்படுமுன் தோழர் என்னிடம் சொன்னார்: "உம் புருஷன் இறக்கினா என் முதுகுத்தண்டு ரெண்டு இஞ்ச் குறைஞ்சுடுதும்மா. இன்னிக்கு நான்தான் இறக்குவேன்."

"போடா, போன வாரம் நீ இறக்கினப்ப என் பல்லே ஆடிடுச்சு" என்றார் என் கணவர்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த விமானம் தரையில் ஓங்கி மோதி எழும்பியது. அந்நிலையில் எஞ்சின் விசையைக் கூட்டி மீண்டும் மேலேறிவிட வேண்டுமாம். பிடியை முன்னே தள்ளவே கூடாதாம்; தள்ளினால் மூக்கு தாழ்ந்துவிடுமாம். மூக்கு சட்டெனத் தாழ்ந்ததைத்தான் நான் கண்டேன். முன்சக்கரம் ஒடிந்தது. விமானம் ஓடுதளத்தில் உராய்ந்து சென்று கவிழ்ந்தது. தீ எழவில்லை. தோழர் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தார். என் கணவருக்குத் தோளெலும்பு முறிந்தது.

"'எடுத்துக்கோடா'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அவன் குரலா, என் குரலான்னு தெரியல" என்றார் கணவர், நினைவு தெளிந்ததும்.

அன்றுமுதல், உணவின் நடுவே அவர் கை தட்டை மெல்ல முன்னே தள்ளுகிறது. தட்டு மேசை விளிம்பை எட்டும்வரை அவர் அதை அறிவதில்லை.

மாத நினைவுப் பூசைக்கு மறுநாள் தோழரின் மனைவி வந்தாள்.

"அண்ணா, அவரே தப்பு பண்ணி அவரே போய்ட்டாருன்னு மாமியார் வீட்ல பேசறாங்க. உங்களையும் கொல்லப் பாத்தாராம். நெஜத்தைச் சொல்லுங்க. கடைசியா பிடி யாரு கையில இருந்துச்சு?"

"என் கையிலதாம்மா."

"எனக்காகச் சொல்றீங்களா?"

"இல்லம்மா."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாசலில் என் கையைப் பற்றினாள். "நீங்க சொல்லுங்கக்கா. நெஜந்தானா?"

"அவர் சொன்னதை நானும் கேட்டேன்" என்றேன்.

அவள் போனபின், "ஞாபகம் வந்துடுச்சாங்க?" என்று கணவரைக் கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிடிகள் இணைந்தவை, எந்தக் கை தள்ளியது என்பதைச் சிதைவுகளிலிருந்து கண்டறிய இயலாது என்றார் பழுதுபார்ப்பவர். அது யாருடைய கை என்பது தெரியாது. என் கணவருக்கு நினைவு திரும்பிற்றா, அந்தப் பெண்ணுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாரா என்பதும் எனக்குத் தெரியாது.